யாரோட குரல் இது?

"பள்ளிக்கூட வாசல்லயே வந்து நிப்போம். உன் பொண்ணு முன்னாடியே கேப்போம். மானம் ரோஷம் இருந்தா தவணையைக் கட்டு!"

கம்ப்யூட்டரிலிருந்து வந்த அந்தக் குரல் கடன் கம்பெனியின் கூட்ட அறையையே அதிரவைத்தது. மறுமுனையில் ஒரு பெண்ணின் விசும்பல். மேனேஜர் பதிவை நிறுத்தினார்.

"யாரோட குரல் இது?"

கேட்கவே வேண்டாம். வசூல் பிரிவில் அந்தக் குரலுக்கு 'வெடி' என்றே பெயர்.

வெடி எழுந்து நின்றான். "என்னோடதுதான் சார்."

"மனுஷனாய்யா நீ? அக்கா தங்கச்சியோட பொறந்தவன்தானே?" மேனேஜர் மேசையில் ஓங்கி அறைந்தார். "இந்தப் பதிவு யாரு மூலமாவோ கட்டுப்பாட்டு ஆணையத்துக்கே போயிருக்கு. வாடிக்கையாளரை மிரட்டினா லைசென்ஸே ரத்தாகும், தெரியுமில்ல? நாளைக்கு விசாரணைக்கு வர்றாங்க!"

வெடியின் டீம் லீடரான அவளுக்கு ரத்தம் கொதித்தது. தினமும் காலையில், "கெஞ்சினா காசு வராது. அழ வைங்க, தானா வரும்" என்று பாடம் எடுப்பவரே இந்த மேனேஜர்தான். பிள்ளையையும் கிள்ளிவிட்டு, தொட்டிலையும் ஆட்டுகிறாரே!

மேனேஜரின் பார்வை அவள் பக்கம் திரும்பியது.

"ஏம்மா, நீதானே இவனுக்கு லீடர்? இப்படிப் பேசுன்னு நம்ம கம்பெனியில யாராவது சொன்னோமா?"

'நீங்கதானே சொன்னீங்க!' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருக்கும் கணவனும் இரண்டு பிள்ளைகளும் கண்முன் வந்து நின்றார்கள்.

"இல்ல சார். அவரா பேசினதுதான்."

"கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்? இது தனி ஆள் செஞ்ச தப்பு. கம்பெனிக்குச் சம்பந்தமே இல்ல. டேய், ஐடி கார்டை வெச்சுட்டுக் கிளம்பு!"

வெடி கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியேறினான்.

அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மேனேஜர்மேல் காட்ட முடியாத கோபத்தை யார் தலையிலாவது கொட்டியாக வேண்டும். ஓடிப்போய் லிஃப்ட் வாசலில் அவனைப் பிடித்தாள்.

"உன் வாய்க்குப் பூட்டே கிடையாதா? நாளைக்கு எங்க எல்லார் கழுத்துக்கும் கத்தி. உன்னால நானும் பொய் சொல்ல வேண்டியதாப் போச்சு!"

"மன்னிச்சிடுங்கக்கா."

"அந்தப் பொம்பளையும் எப்படி அமுக்கமா ரெக்கார்ட் பண்ணி அனுப்பியிருக்கா பாரு!"

"ஐயோ, அவங்களைத் திட்டாதீங்க. அவங்க அனுப்பல." வெடியின் குரல் இறங்கியது. "மறுநாள் திரும்பக் கூப்பிட்டேன். அவங்க பொண்ணுதான் எடுத்துச்சு. 'ஃபோன் மணி அடிச்சாலே அம்மா ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிறாங்க அங்கிள்'னு சொல்லுச்சு. அதுலேர்ந்து எனக்குச் சாப்பாடே இறங்கல."

"அப்ப யாருதான் அனுப்பினது?"

"நான்தான்."

அவள் திகைத்துப்போனாள்.

"பைத்தியமா உனக்கு? யாராவது தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குவாங்களா? அனுப்பறதுக்கு வேற பதிவே கிடைக்கலையா?"

லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே போனவன் திரும்பி நின்றான்.

"நிறைய கிடைச்சுதுக்கா. நீங்க ஒரு பெரியவரை அழவெச்சதுகூட இருந்துச்சு. உங்க வேலை போயிட்டா வீடு என்ன ஆகும்னுதான், என்னோடதை அனுப்பினேன்."