வக்கீல் மறுத்துப் பேசவில்லை

ரிமோட்டில் ஓடும் பொம்மை லாரிப் பந்தயத் திடலில் வக்கீலைப் பேசி ஜெயித்தவர் கிடையாது. அங்கே அவருக்கு எதிராக லாரி விடும் நம்மவர் பேச ஆரம்பித்தாலே வக்கீல் அமுக்கிவிடுவார். இன்றைக்கு என்னவோ அதிசயமாக வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க லாரிக்கு வேகம் இருக்கு சார், இல்லைங்கலை. ஆனா வளைவுல திருப்பினா கரப்பான்பூச்சி மாதிரி மல்லாந்துடுது. சரிதானே?"

"ஆ..."

"என்னோடது மெதுவாத்தான் போகும். ஆனா மேட்டுல குதிச்சாலும் நாலு சக்கரமும் தரையில வந்து உட்காரும். பேட்டரியும் பாதியில காலை வாராது. ஒத்துக்கிறீங்களா?"

"ஆ... ஆ..."

நம்மவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வக்கீலின் மோட்டார் சூடாகிப் புகைவதில் தொடங்கி, போன மாதம் அவர் வாங்கிய கோப்பை வெறும் குருட்டு அதிர்ஷ்டம் என்பது வரை, மூன்று வருட ஆத்திரத்தையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தார்.

"மறுத்துப் பேச ஏதாவது இருக்கா?"

வக்கீல் கண்ணை உருட்டினார்.

பக்கத்தில் நின்ற நர்ஸுக்குப் பொறுமை போய்விட்டது. "டாக்டர், ஊசி போட்டு ஒரு மணி நேரமாச்சு. மரமரப்பு போயிடப் போகுது. எப்பத்தான் பல்லைப் பிடுங்குவீங்க?"

நாற்காலியில் சாய்ந்திருந்த வக்கீல், வாயில் திணித்திருந்த பஞ்சைத் துப்பினார்.

"மு... முதல்ல அந்தக் கோப்பை விஷயம்..."

பல் டாக்டர் பதறினார்.

"சீக்கிரம் இன்னொரு ஊசி எடும்மா!"