ஏழாம் கோப்பு

"பதினோரு வருஷமா இதே பாட்டு, ஹார்லன்! இந்தத் தடவையாவது ஏழாம் கோப்புக்கு 'சரி'ன்னு எழுதுங்க" என்று கெஞ்சினார் ட்ராய்.

ட்ராய் அந்தக் கல்லூரியின் விளையாட்டு இயக்குநர். விளையாட்டு வீரர்களுக்கான புகழ்ச் சுவரில் இந்த வருடம் யார் படத்தை மாட்டுவது என்று முடிவு செய்யும் குழு, ஜிம்முக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் கூடியிருந்தது. நாற்காலி நான்கு, ஆள் மூன்று. நான்காமவரான வெர்னின் படம் போன வருடம் சுவரில் ஏறிவிட்டதால், விதிப்படி அவர் குழுவிலிருந்து விலகிவிட்டார்.

இன்னொரு விதியும் உண்டு. கல்லூரி இருந்தது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில். பாதிப் பேர் மீதிப் பேருக்குச் சொந்தம். அதனால் கூட்டத்தில் யார் பெயரையும் சொல்லக் கூடாது, அவரவர் கோப்பின் எண்ணைத்தான் சொல்ல வேண்டும். எந்த எண் யாருடையது என்பது மூவருக்கும் அத்துப்படி என்பது வேறு விஷயம்.

"ஏழாம் கோப்பு சரியான சோம்பேறி" என்றார் ஹார்லன், நசுங்கிப்போன காதைத் தேய்த்தபடி. "ஒருநாளாவது பயிற்சிக்கு நேரத்துக்கு வந்திருப்பானா?"

"தொடர்ந்து மூணு வருஷம் மல்யுத்தத்துல சாம்பியன்! நம்ம காலேஜ்ல வேற யாரு இருக்கா, சொல்லுங்க!"

"எதிர்ல நின்னவன் பூரா நோஞ்சான். நான் பார்க்காததா?"

குழுத் தலைவி மார்லிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆப்பிள் கேக்கை வெட்டினார். மாதத்தின் முதல் வியாழன் கூட்டம். கூட்டம் என்றால் அவர் கையால் செய்த கேக். ஹார்லன் மட்டும் ஒரு மணி நேரம் முன்பே வந்து, மார்லிஸ் வழுக்கி விழாதபடி வாசல்படியில் கிடக்கும் பனியை அள்ளி அகற்றிவிட்டுக் காப்பியும் போட்டு வைப்பார். கேட்டால், வீட்டில் பொழுது போகவில்லை என்பார்.

ட்ராய்க்குப் பொறுமை போய்விட்டது.

"அவருக்கு எழுபத்திநாலு வயசு! செத்ததுக்கப்புறம் படத்தை மாட்டிக் கைதட்டுனா யாருக்கு லாபம்? உயிரோட இருக்கறப்பவே அந்த மனுஷன் காதுல அது விழ வேணாமா?"

அந்த வார்த்தை ஹார்லனைத் தைத்தது. காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அதுவும் சரிதான்" என்றார் மெதுவாக. "ஆசை யாரைத்தான் விட்டுச்சு? போ, நீயே ஜெயிச்சே. இந்தத் தடவை நான் குறுக்கே நிக்கல."

மூவரும் சீட்டில் எழுதினார்கள். ஹார்லன் தன் சீட்டை ட்ராயின் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டினார். 'சரி' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. ட்ராய்க்கு வாயெல்லாம் பல்.

சீட்டுகளைப் போட்டிருந்த காலி காப்பி டப்பாவுக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். சரி. சரி. மூன்றாவது சீட்டைப் பிரித்ததும் அவர் முகம் தொங்கிப்போனது.

"வேண்டாம்."

ஒருவர் மறுத்தாலும் படம் ஏறாது. ஹார்லன் எழுதியதை ட்ராய் கண்ணால் பார்த்தாயிற்று. இரண்டு பேரும் மார்லிஸ் பக்கம் திரும்பினார்கள்.

மார்லிஸ் அலட்டிக்கொள்ளவே இல்லை. இருப்பதிலேயே பெரிய துண்டாக எடுத்து ஹார்லனின் தட்டில் வைத்தார்.

"இத்தனை வருஷம் உன் கோப்புல நீயே 'வேண்டாம்'னு எழுதிக்கிட்டிருந்தே, நானும் நிம்மதியா இருந்தேன். நீ சுவத்துல ஏறிட்டா, ஹார்லன், என் பக்கத்து நாற்காலியில யாரு உக்காருவா?"