துடக்கு வீடு

கதவு திறந்தது, ஆனால் சங்கிலி விட்ட அளவுக்குத்தான்.

நாலு விரல் இடைவெளியில் கிருசாந்தினியின் ஒரு கண்ணும் பாதி வாயும் தெரிந்தன. சாளை பொரிக்கிற மணம் அவளை முந்திக்கொண்டு வெளியே வந்தது.

கனகேஸ்வரி தோடம்பழப் பையை உயர்த்திக் காட்டினாள். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகிறவள் இல்லை அவள்.

உடுப்புப் பெட்டியைக் கொண்டுவரவில்லை. அதைக் குணரத்தினத்தின் கடையில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்திருந்தாள். பெட்டியோடு வருகிறவளைப் படியேறும்போதே கண்டுபிடித்துவிடுவார்கள். இந்த மூன்று கிழமையில் அவள் படித்த பாடம் அது.

மூன்று கிழமைக்கு முன், கடற்கரைப் பக்கம் ஸ்ஃபெர்ராகவால்லோவில், வேலை செய்த வீட்டில் அவளுக்கென்று ஒரு கட்டில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் மீன்பிடி வள்ளங்கள் தெரியும். வீட்டுக்காரக் கிழவி சினியோரா எமிலியானாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்துப் பதினோரு வருடம். சினியோரா கண்ணை மூடியதும் மகன் வந்து கனகேஸ்வரியைக் கட்டிப்பிடித்து அழுதான். அழுது முடித்துவிட்டு வீட்டுத் திறப்பைக் கேட்டான். கெட்டவன் இல்லை. வேலையோடு அவளுக்கு வீடும் போகிறது என்பது மட்டும் அவன் தலையில் ஏறவில்லை.

ஐம்பத்தாறு வயது. கலியாணம் கட்டவில்லை. இந்த நாட்டில் இருக்க அனுமதிக்கிற பெர்மெஸ்ஸோ அட்டையில் இன்னும் செத்துப்போன சினியோராவின் முகவரிதான்.

தெருவில் படுக்கவில்லை. அதனால் வீடில்லாதவள் என்று அவளை யாரும் சொல்லமாட்டார்கள். இங்கே இரண்டு நாள், அங்கே மூன்று நாள், யாரோ வீட்டுக் குசினியில் ஒரு பாய். பகலில் அவர்களுக்கு இடைஞ்சல் வேண்டாமென்று பகேரியாவுக்கு ரயிலேறிப் போவாள், அடுத்த ரயிலில் திரும்பி வருவாள். கேட்டால் வேலை தேடுகிறேன் என்பாள். அது பொய்யுமில்லை.

நான்கு வீடு முடிந்துவிட்டது. ஒரு வீட்டில் பிள்ளைக்குச் சோதினை. இன்னொரு வீட்டில் வாடகைக்கு விட்டவன் வந்து தலை எண்ணுவானாம். எல்லோரும் நல்ல மாதிரித்தான் சொன்னார்கள்.

வியா மக்வேதா பெருந்தெருவுக்குப் பின்னால், ஒழுங்கைக்குள் இருக்கிற இந்த வீட்டைக் கடைசிக்கென்று வைத்திருந்தாள். மற்ற இடங்களில் இல்லையென்றால் சிரித்துக்கொண்டே படியிறங்கிவிடலாம். இங்கேயும் இல்லையென்றால்? அந்தப் பயத்திலேயே மூன்று கிழமை இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

“கொஞ்ச நாளைக்கு ஒரு மூலை தந்தால் காணும் பிள்ளை. வேலை கிடைச்ச உடனை போயிடுவன்.”

சொல்லிவிட்டாள். பதினோரு வருடம் இன்னொருத்தியின் மலசலம் எடுத்தபோது வராத கூச்சம் இந்த ஒரு வார்த்தைக்கு வந்தது.

உள்ளே யாரோ இருமினார்கள். கிருசாந்தினியின் கண் அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது.

“ஐயோ அக்கா, ஒண்டும் நினையாதேங்கோ. இவரின்ரை சித்தப்பா, பேரின்பநாயகத்தார், முந்தநாள் ஊரிலை மோசம் போயிட்டார். முப்பத்தொரு நாள் துடக்கு. உங்களை உள்ளுக்கை எடுத்தால் உங்களுக்கெல்லோ கூடாது?”

என்ன கரிசனை பாருங்கள்!

சாவு விழுந்த குடும்பத்துக்குத் துடக்கு. அந்த வீட்டில் வெளியாள் தங்கக் கூடாது, வாய் நனைக்கவும் கூடாது. கட்டின பெண்ணுக்குத் துடக்கு புருசன் பக்கத்தால் வரும், கட்டாதவளுக்குப் பிறந்த வீட்டால். ஆகவே கிருசாந்தினிக்கு அவசரமாக ஒரு துடக்கு தேவையென்றால் புருசன் பக்கத்தில்தான் ஒருவரைச் சாகடிக்க வேண்டும். வாய்க்கு வந்த பெயர் பேரின்பநாயகத்தார்.

துடக்கு வீட்டில் யாராவது மீன் பொரிப்பார்களா? சட்டியில் சாளை வெடிக்கிற சத்தம் வாசல்வரை கேட்டது.

போதாக்குறைக்கு, பேரின்பநாயகத்தார் இன்று காலைதான் வீடியோவில் வந்து, புதிதாகக் கட்டின பல் சரியில்லை என்று கனகேஸ்வரிக்கு வாயை ஆவென்று திறந்து காட்டியிருந்தார். எங்கே நிற்கிறாய் என்றும் கேட்டார். சினியோரா வீட்டில் என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

கோபம் வந்தது. ஆனால் அந்த ஒற்றைக் கண் அவளைப் பார்க்க மாட்டாமல் தோடம்பழப் பையையே பார்த்துக்கொண்டு நின்றது. கலியாணமாகி வந்து ஏழு மாதம். ஒற்றை அறை வீடு. பாவம், இவளும் ஒரு பெட்டியோடு வந்தவள்தானே.

பையைக் கதவடியில் வைத்தாள்.

“அவர் எனக்கும் சித்தப்பாதானே பிள்ளை. அப்ப எனக்கும் துடக்குத்தான். இனி நான் வேறை ஒரு வீட்டுப் படியும் மிதிக்கேலாது.”

உள்ளே அவளுடைய கூடப்பிறந்த தம்பி விதுரனின் இருமல் நின்றது.

கிருசாந்தினி கதவைச் சாத்தினாள்.

சங்கிலியைக் கழற்றுவதென்றாலும் முதலில் கதவைச் சாத்தத்தான் வேண்டும். கனகேஸ்வரி காத்துக்கொண்டு நின்றாள்.