பின்னால் போன பிரேக்

“இன்னும் பின்னால தள்ளு” என்றார் கருப்பண்ணன்.

அவர் இப்படிச் சொன்னபோது கச்சிராயபாளையம் பட்டறையில் இருந்தவர்கள்: மெக்கானிக் சிவசங்கர், கருப்பண்ணனின் மருமகள் எழில்மதி, பங்காளி முனியன், டீ கொண்டுவந்த சாலம்மாள். வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் யாரும் அந்தப் பக்கமே வரவில்லை.

நடுவில் கருப்பண்ணனின் அப்பா வாங்கிய புல்லட் நின்றது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்றிருக்கும் அந்தக் காலத்து வண்டி. கால் வைக்கும் கட்டைகள், கியர் லீவர், பிரேக் பெடல் எல்லாவற்றையும் கழற்றிப் பின்னுக்குத் தள்ளிப் பொருத்தச் சொல்லியிருந்தார்.

“ரேஸ் வண்டிக்கே இந்த அளவு போதும் பெரியவரே” என்றான் சிவசங்கர். “இதுக்கு மேல போனா கால் எட்டாது.”

“என் காலு எங்க எட்டும்னு எனக்குத் தெரியும். நீ தள்ளு.”

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த முனியன் நெளிந்து சிரித்தார். “பின் சக்கரத்துலயே மாட்டிவுட்டுடு சங்கரு. அண்ணன் குப்புறப் படுத்துக்கினு மலை ஏறட்டும்.”

அவர் சிரிப்பதற்குக் காரணம் இருந்தது. கல்வராயன் மலையில் இருக்கும் அவர்கள் குலதெய்வக் கோயிலில் முதல் பரிவட்டம் குடும்பத்தின் மூத்த ஆணுக்கு. ஆனால் அவர் தாமே ஓட்டிக்கொண்டு மலையேறி வரவேண்டும். கருப்பண்ணனின் தாத்தா குதிரையில் வந்தார். அப்பா இந்த புல்லட்டில் வந்தார். இன்னொருவர் ஓட்ட, ஏறி உட்கார்ந்து வந்தவர் தலையில் பரிவட்டம் ஏறியதே இல்லை. போன வருஷம் கருப்பண்ணன் காய்ச்சல் என்று போகவில்லை. பரிவட்டம் அடுத்த மூத்தவரான முனியனுக்குப் போயிற்று. அந்தத் துணியை அவர் இன்னும் துவைக்கவில்லை என்று கேள்வி. இந்த வருஷமும் விட்டால் அது அவர் வீட்டோடு தங்கிவிடும்.

“டீ எடுத்துக்குங்க” என்று கிளாஸை நீட்டினாள் சாலம்மாள்.

கருப்பண்ணன் கைகளைப் பின்னால் கட்டி, முதுகை நிமிர்த்தி நின்றுகொண்டிருந்தார். அவர் வீட்டு ஆண்கள் நிற்பது அப்படித்தான். “அங்க வெச்சிட்டுப் போ.”

“கை நீட்டி வாங்குனா இன்னா கொறஞ்சா பூடுவீங்க?” என்று முணுமுணுத்தபடி அவள் வெல்டிங் மேஜையில் கிளாஸை வைத்தாள். டீ ஆறி ஏடு கட்டியது.

“அண்ணா, ஹேண்டிலு எட்டமா இருக்குது. கொஞ்சம் கிட்ட வளைச்சு வுடுங்க. கிளட்ச்சு வேற கல்லு மாரி இருக்குது, எளக்கி வுடுங்க” என்றாள் எழில்மதி.

கருப்பண்ணன் இருமினார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

சிவசங்கர் ஸ்பானரைக் கீழே வைத்தான். “கால் பின்னால போவுது, ஹேண்டிலு கிட்ட வருது. நடுவுல நீங்க எப்படித்தான் குந்துவீங்க?”

“நிமுந்து குந்துவன்.”

“வண்டிய இவரு ஓட்டி வந்தார்னா நான் பாதி மீசைய எடுத்துட்டு நிக்கிறன்” என்று முனியன் எழுந்து உள்ளங்கையை நீட்டினார். “கை அடிச்சு சொல்லு அண்ணே.”

“எங்க வூட்ல கை அடிக்கிற வழக்கம் இல்ல. சொன்னா சொன்னதுதான்.”

சிவசங்கர் மறுபடி ஸ்பானரை எடுத்தான். பிரேக் கம்பியை வெட்டிக் குறைத்தான், கியர் கம்பியை ஒட்டி நீட்டினான், கட்டைகளுக்குப் பட்டை வைத்துப் பற்றவைத்தான். வேலை முடிந்ததும், “ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க” என்றான்.

“சாமிக்கு முன்னாடி ஓட்டிக்கிறன். வண்டிய டெம்போல ஏத்தி வூட்ல எறக்கு.”

திருவிழா அன்று முனியன் தலையை வாரி, எண்ணெய் வைத்து, பூசாரிக்குப் பக்கத்தில் தயாராக நின்றார். கடைசி வளைவில் புல்லட் சத்தம் கேட்டது. எல்லாத் தலைகளும் திரும்பின.

முன்னால் எழில்மதி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஹேண்டிலைப் பிடித்திருந்தாள். பின் சீட்டில் கருப்பண்ணன், கைகளைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு, நட்டுவைத்த கல் மாதிரி.

“கிளட்ச்சு” என்றார். அவள் பிடித்தாள். அவர் வலது காலால் கியரைக் குறைத்தார். “வுடு” என்றார். விட்டாள். கோயில் வாசலில் இடது காலை அழுத்தினார். வண்டி நின்றது.

“ஓட்டிக்கினு வந்தது மருமவ” என்று முனியன் கத்தினார். “அண்ணன் சும்மா குந்திக்கினு வந்தாரு.”

“உதைச்சு ஸ்டார்ட் பண்ணது யாரு?” என்றார் கருப்பண்ணன், இறங்காமலே. “கியரு யாரு போட்டது? பிரேக்கு யாரு மிதிச்சது? எங்க திருப்பணும்னு சொன்னது யாரு?”

பூசாரி குனிந்து பார்த்தார். முன்னால் எழில்மதியின் பாதங்கள் வெறும் கம்பியில் தொற்றிக்கொண்டிருந்தன. கியரும் பிரேக்கும் கருப்பண்ணனின் கால்களுக்கு அடியில் இருந்தன. பூசாரி வெகுநேரம் யோசித்துவிட்டுப் பரிவட்டத்தைக் கருப்பண்ணன் தலையில் கட்டினார். தீர்த்தத்துக்காகப் பெரியவர் வேறு வழியில்லாமல் கைகளைத் துண்டுக்குள்ளிருந்து எடுத்தபோதுதான், அவை இரண்டும் நிற்காமல் உதறுவதை ஊர் பார்த்தது.

மருமகள் ஓட்ட மாமனார் பின்னால் உட்கார்ந்து வந்தார் என்று வெள்ளிமலைக் கடைத்தெருவில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். வண்டியை ஓட்டியவர் கருப்பண்ணன். எழில்மதி கை கொடுத்தாள், அவ்வளவுதான்.