கறுப்புத் தேளுக்குக் கைதட்டு

பாலகுரு எதிராளியின் கண்ணில் பவுடரை அள்ளி வீசியதும் அறுபது பேரும் எழுந்து நின்று திட்டித் தீர்த்தார்கள்.

அன்பரசனின் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது.

வெள்ளிக்கிழமை பிற்பகல், அமீரகத்தின் அல் ஐன் நகரில் ஒரு கிளப்பின் உள்ளரங்கம். நடுவே கயிறு கட்டிய மேடை. எட்டுப் பேர் மோதும் மல்யுத்தப் போட்டி, எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்த அடிதடி. பாலகுருவுக்கு வில்லன் வேஷம். கறுப்பு உடுப்பு, முதுகில் மஞ்சள் தேள், மேடைப் பெயர் கறுப்புத் தேள்.

மற்ற ஆறு நாளும் கட்டட வேலையில் அவன்தான் இந்த அறுபது பேருக்கும் ஃபோர்மேன்.

இலவச டிக்கெட்டும் கம்பெனி பஸ்ஸும் கொடுத்து அவனேதான் தொழிலாளர் கேம்ப்பைத் திரட்டிக்கொண்டு வந்திருந்தான். ஒரே ஒரு உத்தரவு: அவன் மேடையேறியதும் வாய் வலிக்கத் திட்ட வேண்டும். ஜனம் எவ்வளவு கொதிக்கிறதோ அவ்வளவுக்கு வில்லனுக்கு மார்க். மேடையோரம் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த லெபனான்காரர்தான் மல்யுத்தக் கம்பெனிக்கு ஆளைப் பொறுக்குபவர். அவரிடம் தேறிவிட வேண்டும் என்பது பாலகுருவின் பல வருஷத்து ஆசை.

இப்படி ஓர் உத்தரவை யார் தட்டுவார்கள்? வெயிலில் நிற்க வைத்தது, தண்ணீர் கேனை ஒளித்து வைத்தது, எல்லாம் வசையாகக் கொட்டியது.

அன்பரசனுக்குக் கொட்ட வேறொன்று இருந்தது.

ஆளுக்கொரு போன் இல்லாத காலம் அது. ஊரிலிருந்து அழைக்கக் கேம்ப் முழுவதற்கும் ஒரே நம்பர், பாலகுருவின் செல்போன். மாசி மாதம் அதில்தான் அன்பரசனின் அப்பா இறந்த செய்தி வந்தது. நான்காம் மாடிக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்த நேரம். ஆள் குறைந்தால் வேலை நிற்கும் என்று பாலகுரு வாயே திறக்கவில்லை. ஊர்க்காரர்கள் திரும்பத் திரும்ப அழைத்தபோது, மகன் கிளம்பிவிட்டான், வந்துவிடுவான் என்றான்.

அதை நம்பி அப்பாவை இரண்டு நாள் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

கடைசியில் கொள்ளி வைத்தது பங்காளி வீட்டுப் பையன். அன்பரசனுக்குச் செய்தி சொல்லப்பட்டது மூன்றாம் நாள், கான்கிரீட் முடிந்த பிறகு.

அதனால் இன்று தொண்டை கிழியக் கத்தினான். நீ நாசமாய்ப் போக என்றான். உனக்கும் கொள்ளி வைக்க ஆள் இல்லாமல் போக என்றான்.

பாலகுரு கயிற்றின் மேல் சாய்ந்து இவர்கள் பக்கம் பார்த்தான். பார்த்துச் சிரித்தான்.

நன்றாகச் செய்கிறாய், இன்னும் கத்து என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

வயிறெரிந்து விட்ட சாபம்கூட அவனுக்கு மார்க்காகத்தான் போய்ச் சேர்கிறது. திட்டுவதும் டூட்டியாகிவிட்டது.

அன்பரசன் வாயை மூடினான்.

பிறகு கைதட்டினான்.

பக்கத்தில் நின்ற பன்னீர்செல்வம் இவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தான். மெல்ல அவனுக்கும் விளங்கியது. அவனும் தட்டினான். வரிசை வரிசையாக அது பரவி, அறுபது பேரும் வில்லனுக்குக் கைதட்டினார்கள்.

பாலகுரு மடக்கு நாற்காலியால் எதிராளியின் முதுகில் அடித்தான். பாராட்டு. முடியைப் பிடித்து இழுத்தான். இன்னும் பலத்த பாராட்டு. எதிர்ப்பக்கம் இருந்த பாகிஸ்தான் பட்டாணியர்களும் என்ன ஏது என்று தெரியாமலே விசிலடித்தார்கள். வெள்ளை உடுப்பு போட்ட கதாநாயகனைச் சீண்ட ஆளில்லை.

திட்டுங்கடா என்று பாலகுரு கையை ஆட்டினான். பாலகுரு வாழ்க என்றார்கள்.

லெபனான்காரர் நோட்டை மூடிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

மேடையிலிருந்து இறங்கும்போது பாலகுருவின் கண் கலங்கியிருந்தது. அன்பரசன் அதை ஆசை தீரப் பார்த்தான். அப்பாவுக்கு இது ஈடாகாது. ஆனாலும் பல மாதத்துக்குப் பிறகு நெஞ்சு குளிர்ந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஒரே சிரிப்பு. யாரோ வேர்க்கடலைப் பொட்டலம் பிரித்தார்கள். அன்பரசனின் முதுகில் தட்டாத ஆளில்லை.

கடைசியாகப் பாலகுரு ஏறினான். வேர்க்கடலைப் பொட்டலம் சீட்டுக்கடியில் போனது.

நேரே அன்பரசனிடம் வந்தான். அடிப்பான் என்று அன்பரசன் விரலை மடக்கிக்கொண்டான். அடித்தால் திருப்பி அடித்துவிட்டு ஊருக்குப் போய்விடுவது என்றே முடிவு செய்திருந்தான்.

பாலகுரு அவன் தோளில் கை வைத்தான்.

“உங்கப்பா காரியத்துல நான் பண்ணுனதுக்கு நீ என்னைக் கொன்னே போடுவேன்னு நெனச்சிருந்தேன் தம்பி. நீதான் மொதல்ல கைதட்டுன.”

எல்லோருக்கும் கேட்கும்படி மிச்சத்தைச் சொன்னான். இன்று தேறியிருந்தால் பஹ்ரைனில் மூன்று வருஷ ஒப்பந்தமாம். அதை நம்பி முந்தாநாளே ஆபீசில் ராஜினாமா லெட்டர் கொடுத்துவிட்டானாம். அந்த ஒப்பந்தம் இனி இல்லையாம்.

“போனாப் போகுது. இவ்வளவு பாசம் வச்சிருக்கீங்க, உங்களை விட்டுட்டு நான் எங்க போகப்போறேன்? நாளைக்குக் காலையிலயே லெட்டரைத் திருப்பி வாங்கிடுறேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் முன் சீட்டில் உட்கார்ந்தான். பஸ் கிளம்பியது.

அவனை யாரும் பார்க்கவில்லை. ஐம்பத்தொன்பது பேரும் அன்பரசனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.