முதலில் குலம்

காஞ்சன்பாக் ராணுவ ஆய்வுக்கூடத்தில், வேலைக்கு வரும் ஆட்களின் பூர்வீகத்தைத் துருவும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் ராமசுவாமி. அமெரிக்காவில் மகள் சுபாஸ்ரீ காதலிக்கும் பையனின் போட்டோவைக்கூடப் பார்க்க மறுத்தார்.

"முதல்ல குலம், அப்புறம்தான் முகம்."

பையனின் குடும்பப் பெயரான கிரேக்மோரை வைத்து நெட்டில் துருவினார். முந்நூறு வருஷத்துக்கு முன் ஸ்காட்லாந்திலிருந்து வெறுங்கையோடு கப்பலேறி, வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டங்கள் வளைத்து, சட்டசபைக்கும் போன கிரேக்மோர் ஒருவர் அகப்பட்டார்.

"பெரிய வம்சம்தானே?" என்றாள் மனைவி பகவதி.

"வெறுங்கையோட போனவனுக்கு அத்தனை தோட்டம் ஏது? எங்கேயோ இடிக்குதே."

வீடியோ காலில் மகள் முகம் தெரிந்ததுமே கேட்டுவிட்டார். "பையனோட முப்பாட்டனார் அவ்வளவு தோட்டத்தை எப்படிம்மா உண்டாக்கினார்?"

"வேர்வை சிந்தித்தான்பா. ஆனா நீங்க படிச்சது அவரைப் பத்தி இல்ல. அவரை அடிமையா விலைக்கு வாங்கி, அவருக்குத் தன் குடும்பப் பேரை வெச்சவனைப் பத்தி."

சுபாஸ்ரீ சற்று நகர்ந்தாள். பின்னால் நின்ற கறுப்பின இளைஞன் கைகூப்பினான்.