சாமி முன்னால் வைத்தது

"புடி, புடி! வாசப் பக்கமா ஓடறான்!"

ஜெயம் போட்ட கூச்சலில் வீட்டுக்குப் பின்னாலிருந்த தறிக்கூடமே நின்றுபோயிற்று. எட்டு விசைத்தறியும் ஒன்றாய் ஓய்ந்தால் அந்தத் தெருவுக்கே காது அடைத்துக்கொள்ளும்.

மேஸ்திரி லோகநாதன் குறுக்கே பாய்ந்து பிடித்துவிட்டான். பிடித்த பிறகுதான் முகத்தைப் பார்த்தான்.

"அட, நம்ம வேடியப்பன்!"

வேடியப்பன் திமிறவில்லை. இடது கண் இருந்த இடத்தில் பஞ்சும் பிளாஸ்திரியும். தோள் துண்டைச் சுருட்டி வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தான்.

"பூஜை ரூம்புக்குள்ள பூந்துட்டான்," என்றாள் ஜெயம் புருஷன் சுப்பராயலுவிடம். "ஆடி வெள்ளி அதுவுமா. குளிச்சிட்டு வந்து பாக்கறேன், சாமி முன்னால நின்னுகினு இருக்கான்."

வேலைக்காரர்கள் யாரும் அந்த வீட்டுப் பின்கட்டைத் தாண்டி வந்ததில்லை. அவன் அங்கே கால் வைத்ததே குற்றம். திருட்டு அதற்கு மேலே.

"நீயா வேடியப்பா?" என்றார் சுப்பராயலு. குரலை உயர்த்தவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் ஓடிக்கொண்டிருந்த தறியிலிருந்து நாடா எகிறி வேடியப்பன் கண்ணில் பாய்ந்தது. முழ நீளக் கட்டை, இரண்டு நுனியிலும் இரும்புக் கூர். சுப்பராயலுதான் தன் அம்பாசடரில் போட்டுக்கொண்டு வேலூருக்குப் பறந்தார். கண் போயிற்று, உயிர் மிஞ்சியது. ஆரணியில் அவரைப் புகழாத வாய் இல்லை. அதோடு விட்டாரா? அவன் தறியை அவன் பெண்டாட்டி காத்தாயிக்கே கொடுத்தார். இன்றைக்குத்தான் அவளுக்கு முதல் நாள்.

காத்தாயி தறிக்கூடத்து வாசலில் நின்றாள். விரலில் அறுந்த இழை ஒன்று சுற்றியிருந்தது.

"இன்னாய்யா பண்ண?"

அவன் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

"மொதலாளி சோத்தத் துன்னுட்டு மொதலாளி வூட்லயே கை வெக்கிறியேடா," என்றான் லோகநாதன். "உனுக்கு இருக்கற ஒரு கண்ணும்..."

"லோகநாதா!" சுப்பராயலு கையமர்த்தினார். "போலீசு கீலீசு ஒன்னும் வேணாம். காத்தாயி, நீ வூட்டுக்குக் கெளம்பு. திருடன் பொண்டாட்டிய நம்பிப் பட்டு நூல் குடுக்க முடியாது."

காத்தாயி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தறி போனால் போளூர்ப் பக்கம் நாற்று நடத்தான் போகவேண்டும். அதுவும் மழை பெய்தால்.

"அவளுக்கு ஒன்னுந் தெரியாது மொதலாளி," வேடியப்பன் இப்போதுதான் பேசினான். "அவள உட்ருங்க. எடுத்த எடத்துல வெச்சிட்றேன்."

"இன்னாத்த எடுத்த?"

ஜெயம் அதற்குள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். குத்துவிளக்கு இருந்தது. வெள்ளிச் சொம்பு இருந்தது. அம்மன் கழுத்துத் தங்கப் பொட்டும் இருந்தது. பிறகு எதை?

லோகநாதன் துண்டைப் பிடுங்கி உதறினான்.

கண்ணுக்கு மாட்டும் கண்ணாடி ஒன்று விழுந்தது. தடித்த கண்ணாடி, இரண்டு பக்கமும் மூடி, பின்னால் ரப்பர் பட்டை.



எண்பத்து மூன்றில் புதுத் தறிகள் வந்தபோது கூடவே ஒரு பெட்டியில் வந்தவை இந்தக் கண்ணாடிகள். எட்டுத் தறிக்கு எட்டு. "இதப் போடாம யாரும் தறி முன்னால நிக்கக் கூடாதுங்க," என்று தறி பூட்ட வந்த கோயமுத்தூர் மெக்கானிக் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனான். அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பெட்டிக்குச் சந்தனம் பூசி, குங்குமம் இட்டு, அம்மன் முன்னால் வைத்தார்கள். அங்கேயே இருந்துவிட்டது. ஃபேக்டரி ஆபீசர் வருகிற அன்றைக்கு மட்டும் வெளியே வரும். எட்டுப் பேரும் மாட்டிக்கொண்டு நிற்பார்கள். ஜீப் தெருமுனை திரும்பியதும் கண்ணாடிகளைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள்.

"அட, இதுக்கா!" சுப்பராயலு சிரித்துவிட்டார். "பேஜார் பண்ணிட்டியேடா. வாயத் தொறந்து கேட்டிருந்தா குடுக்க மாட்டனா?"

வேடியப்பன் ஒற்றைக் கண்ணை உயர்த்தி ஜெயத்தைப் பார்த்தான். பார்த்த வேகத்தில் தரைக்குத் தாழ்த்திக்கொண்டான்.

"தப்புதாங்க," என்றான்.

போன வெள்ளிக்கிழமையே அவன் பின்வாசலில் வந்து நின்றான். "காத்தாயி தறில நிக்கப் போறாம்மா. பெட்டில இருக்கறதுல அவளுக்கு ஒன்னு..." ஜெயம் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை. "சாமி முன்னால வெச்சத நடுவுல எடுக்கக் கூடாதுப்பா. ஆயுத பூஜ வரட்டும்."

சுப்பராயலு குனிந்து கண்ணாடியை எடுத்து வேட்டி நுனியால் துடைத்தார். காத்தாயியின் கை தன்னையறியாமல் கொஞ்சம் நீண்டது.

"கீறல் உழுந்தா ஆபீசருக்கு நான்ல பதில் சொல்லணும்," என்று அதை ஜெயத்திடம் கொடுத்தார். "சரி, போனாப் போவுது. யாரும் இத வெளிய பேசிகினு திரியக் கூடாது. காத்தாயி, போய்த் தறிய ஓட்டு. ஜல்தி."

"நீங்க நல்லா இருக்கணும் மொதலாளி." நீண்ட கையை அவள் கும்பிடாக்கிக்கொண்டாள்.

"பாத்தியாடா மொதலாளி மனச?" லோகநாதன் வேடியப்பன் முதுகில் ஒன்று வைத்து வெளியே தள்ளினான்.

தறிகள் ஒவ்வொன்றாய் இரைய ஆரம்பித்தன. கூடத்துக் கதவு வழியே காத்தாயி தெரிந்தாள். முகத்தை ஒரு பக்கமாய்த் திருப்பி வைத்துக்கொண்டு, ஓரக்கண்ணால் தறியைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

ஜெயம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பூஜையறையைக் கழுவினாள். கண்ணாடியைப் பெட்டியில் அதன் குழியில் வைத்து மூடினாள். வேடியப்பனின் விரல் பட்டு மூடிமேல் குங்குமம் கலைந்திருந்தது.

ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மோதிர விரலால் குங்குமம் தொட்டு, பழைய இடத்திலேயே வட்டமாகப் பொட்டு வைத்தாள்.